நோராவின் உடையைத் தைத்தது யார்?

ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் கடைசி ஓசையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் பெட்டி ஹென்னிங்ஸ் நோராவாக நடிக்க, அந்த நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அன்றிலிருந்து நோரா சாத்திவிட்டுப் போன கதவைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. நம் கல்லூரிகளில் அது பாடக்குறிப்பில் ஒரு பத்தி, தேர்வில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. நானும் பல வருடங்களாக அந்தக் கதவைத்தான் வகுப்பில் நடத்திவருகிறேன்.

எங்கள் கல்லூரி மாணவிகள் அதைத் தமிழில் மேடையேற்றியபோது உடைப் பொறுப்பு என்னிடம் வந்தது. நாடகம் தீபாவளிக்கு மறுவாரம். வசனத்தின் வழியே ஒரு நாடகத்தைப் படிப்பதும் உடைப்பட்டியல் போட்டுப் படிப்பதும் ஒன்றல்ல. யார் எந்தக் காட்சியில் எதை உடுத்தியிருக்கிறார், எங்கே மாற்றுகிறார், மாற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்தத் துணி கிழிந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனால், நாடகத்தின் நடுவில் ஒரு துணிப்பெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. 'பொம்மை வீடு' ஒரு பண்டிகைக் கால நாடகம். பண்டிகைக்காகப் பெண்கள் செய்வதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை. கதை நகர்வதே அதனால்தான் என்பது என் வாசிப்பு. பண்டிகையையும் உடையையும் பின்னணி என்று தள்ளிவிட்டுப் படிக்கும் விமர்சனம், ஹெல்மரின் கண்ணால் அந்த வீட்டைப் பார்க்கிறது.

உடை அலங்காரம் என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. உடை ஒரு வாசிப்பு. தமிழில் இதற்கு நல்ல உதாரணம் ஔவை. 1953இல் வந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவையும் திருநீறும் கோலும் ஒரு புலவரை எல்லோருக்கும் பாட்டியாக்கின. இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை' நாடகம் அவரை இளம்பெண்ணாக, ஊர் சுற்றும் பாணர் மரபின் விறலியாகக் கொண்டுவந்தது. புடவையும் நரையும் போனதும் கள்ளும் காதலும் அரசியலும் பேசிய ஒரு பெண் தெரிந்தார். ஒரு பாத்திரத்துக்கு என்ன உடுத்துவது என்று முடிவுசெய்கிறவர் அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொல்கிறார். அந்தக் கருத்தை எந்த விமர்சனமும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் நாடகத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் வந்த இரண்டு பக்க மதிப்புரையிலும் உடைக்கு மூன்று சொற்கள்: "உடைகள் பொருத்தமாக இருந்தன."

துணி எடுத்தாச்சா?

நாடகத்தின் மூன்று அங்கங்களும் கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று நாள்களில் நடக்கின்றன. முதலாவது பண்டிகைக்கு முந்தின நாள். இரண்டாவது கிறிஸ்துமஸ் அன்று. மூன்றாவது மறுநாள் இரவு. திரை விலகியதும் நோரா கடைவீதியிலிருந்து கைநிறையப் பொட்டலங்களோடு நுழைகிறாள். மரத்தைத் தூக்கிவந்தவருக்கு அரைக் குரோன் கூலி. ஒரு குரோனைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஒரு மகனுக்குப் புதுத்துணியும் வாளும், இன்னொருவனுக்குக் குதிரையும் ஊதுகுழலும், மகளுக்குப் பொம்மையும் பொம்மைக்கு ஒரு கட்டிலும், வேலைக்காரப் பெண்களுக்குத் துணியும் கைக்குட்டையும் வாங்கியிருக்கிறாள். அவளுக்கென்று அதில் எதுவும் இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று ஹெல்மர் கேட்கும்போது, பணமாகக் கொடுத்துவிடு என்கிறாள்.

இந்தக் காட்சியை வைத்து நோரா ஊதாரி என்று எழுதும் விடைத்தாள்களை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறேன். உடைக்குழுவிலிருந்த மாணவிகள் அப்படிப் படிக்கவில்லை. அப்போது அவர்கள் வீடுகளில் அதே பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வேட்டியா, பேன்ட் பிட்டா? பெரியப்பா வீட்டுக்கு எத்தனை டப்பா பலகாரம்? போன வருடம் அத்தைக்கு எடுத்த அதே நிறத்தை மறுபடி எடுத்துவிடக் கூடாது. சீட்டுப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? இத்தனையையும் தலைக்குள் வைத்திருக்கிற ஆள் அம்மா. எல்லோருக்கும் எடுத்து முடித்த பிறகு தனக்கு ஒரு புடவை எடுப்பார். அவருடைய ஜாக்கெட் மட்டும் தீபாவளிக்குத் தைத்து வராது. அதற்குள் தையல்கடையில் ஆர்டர் எடுப்பதில்லை என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள்.

மானுடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த வேலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அதை 'உறவு உழைப்பு' என்று சொல்லலாம். வடக்கு கலிஃபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர். உறவினருக்கு வாழ்த்து அட்டை எழுதுவது, பரிசு தேர்ந்தெடுப்பது, பண்டிகைக்கு எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது ஆகியவை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதையும், அதைச் செய்கிற பெண்களே அதை வேலையென்று சொல்லத் தயங்குவதையும் அவர் காட்டினார். பிரியத்தால் செய்வதற்குக் கணக்கு எழுதக் கூடாது என்று பழக்கப்பட்டிருக்கிறோம்.

கணக்கு எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு நம்மிடம் ஒரு சான்று இருக்கிறது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இது ஆண்டு முழுவதற்குமான சராசரி. அதிரசத்துக்கு மாவு இடிக்கிற வாரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

பூனை கிழித்த பூக்கள்

நாடகத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற நிகழ்ச்சி மேடையில் நடப்பதில்லை. முந்தைய வருடக் கிறிஸ்துமஸைப் பற்றிய பேச்சில் அது போகிறபோக்கில் வருகிறது. பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே நோரா தினமும் மாலையில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, நள்ளிரவு தாண்டும்வரை இருந்திருக்கிறாள். மரத்தில் தொங்கவிடக் காகிதப் பூக்கள் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஹெல்மருக்கு நினைவிருப்பதெல்லாம் அந்த மூன்று வாரமும் தனக்கு எவ்வளவு சலிப்பாக இருந்தது என்பதுதான். கடைசியில் பூக்கள் எதுவும் தேறவில்லை. பூனை புகுந்து எல்லாவற்றையும் கிழித்துவிட்டது என்கிறாள். அவரும் நம்பிவிடுகிறார்.

உண்மையில் அவள் கூலிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பிரதியெடுக்கும் வேலை அது. கணவரின் உயிரைக் காப்பாற்ற அவருக்குத் தெரியாமல் வாங்கிய 4800 குரோனர் கடனுக்குத் தவணை கட்ட அந்தப் பணம் தேவைப்பட்டது. இதை நோராவின் சாமர்த்தியம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பொய் எப்படிச் செல்லுபடியானது என்று கேட்க வேண்டும். ஒரு மனிதர் மூன்று வாரம் இரவில் வேலைசெய்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் எந்த அலுவலகமும் விசாரணை நடத்தும். ஹெல்மர் வங்கி மேலாளராகப் போகிறவர். கணக்கு அவர் தொழிலாகப்போகிறது. அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால், பெண்கள் பண்டிகைக்குச் செய்யும் காரியத்தில் விளைவு என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்றே அவர் நினைக்கவில்லை. பூ இருந்தால் அழகு. இல்லாவிட்டால் பூனை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை இன்னொரு வேலையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

அந்தக் கடனின் இன்னொரு பகுதியும் துணியிலிருந்துதான் போகிறது. உடைக்கென்று ஹெல்மர் கொடுக்கும் பணத்தில் பாதிக்குமேல் நோரா செலவழித்ததில்லை. இருப்பதிலேயே எளிய துணியாக எடுத்து மீதியைத் தவணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். எதை உடுத்தினாலும் எனக்கு நன்றாக இருப்பதால் அவருக்குத் தெரியவில்லை என்று தோழியிடம் சொல்கிறாள். குடும்ப வரவுசெலவில் அவளால் மிச்சம்பிடிக்க முடிந்தது பெரும்பாலும் அவளை அலங்கரிப்பதற்கான பணத்தில்தான். அதிலிருந்துதான் அவள் கடன்காரராகவும், தவணை கட்டுகிறவராகவும், கணக்கு வைப்பவராகவும் ஆகிறாள். நார்வேயில் மணமான பெண்ணுக்குச் சட்டப்படி சொந்தமாகப் பொருளாதார உரிமை கிடைத்தது 1888இல். நாடகம் எழுதி ஒன்பது வருடம் கழித்து.

முதல் அங்கத்துக்கு நோராவின் உடையை முடிவுசெய்ய இந்தப் பகுதிதான் எங்களுக்கு வழிகாட்டியது. ஒரு மாணவி பட்டு வேண்டும் என்றாள், வங்கி மேலாளர் மனைவி அல்லவா? இன்னொருத்தி நாடகப்பிரதியைத் திறந்து இந்த இடத்தைக் காட்டினாள். சாதாரணக் கைத்தறிப் புடவை, நன்றாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் விலை தெரியாது. நோராவின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கஞ்சியில் இருக்கிறது என்று அந்த மாணவி உடைப்பட்டியலில் எழுதினாள்.

ஊசியை ஒளித்துவைக்கிற வீடு

இரண்டாம் அங்கத்தில் ஆயா ஆன்-மரீ ஒரு பெட்டியோடு வருகிறார். மாடி வீட்டில் நடக்கும் மாறுவேட விருந்துக்கு நோரா உடுத்த வேண்டிய உடை அதில் இருக்கிறது. அது கிழிந்திருக்கிறது. அதைச் சுக்குநூறாகக் கிழித்துவிட வேண்டும்போல் இருக்கிறது என்கிறாள் நோரா. கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் தைத்துவிடலாம் என்கிறார் ஆயா. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கிற தூரம், எசமானிக்கும் வேலைக்காரிக்கும் இருக்கிற தூரம். கிழிக்கிற கோபம்கூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தைக்க வருபவர் கிறிஸ்டீனா லிண்டே. கணவனை இழந்து, சின்னக் கடை, சின்னப் பள்ளிக்கூடம் என்று கிடைத்ததையெல்லாம் செய்து, தாயையும் இரண்டு தம்பிகளையும் காப்பாற்றியவர். வேலை தேடி ஊருக்கு வந்த இடத்தில், ஊசியைக் கையில் எடுக்கிறார். அவர் ஓரங்களைத் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நோரா மனம் திறக்கிறாள். தையல் நடக்கும் இடத்தில் பெண்கள் உண்மை பேசுவார்கள் என்பது தையல் பழகியவர்களுக்குத் தெரியும். கண் துணியில் இருப்பதால் வாய்க்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கிறது.

அப்போது ஹெல்மர் வருகிறார். நோரா பதறிப்போய்த் தோழியைக் குழந்தைகள் அறைக்கு அனுப்புகிறாள். தையல் நடப்பதைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. உள்ளே போனவர் தையல்காரியா என்று ஹெல்மர் கேட்கிறார். இல்லை, கிறிஸ்டீனா உதவிசெய்கிறாள் என்கிறாள் நோரா. உடனே அந்த வேடம் தன்னுடைய யோசனை என்பதை நினைவுபடுத்தி, எவ்வளவு நல்ல யோசனை பார்த்தாயா என்று பெருமைப்படுகிறார். சில நொடிகளில் ஒரு வேலையின் முழு அரசியலும் வந்துவிடுகிறது. தைத்தவள் உள்ளறையில். உடுத்துகிறவள் நன்றி சொல்லும் நிலையில். யோசித்தவர் நடுக்கூடத்தில்.

மூன்றாம் அங்கத்தில் அவர் திருமதி லிண்டேயிடம், பின்னுவதைவிடப் பூவேலை செய்யலாம், பார்க்க அழகாக இருக்கும் என்று அறிவுரை சொல்கிறார். நூல்பின்னும் கை அவலட்சணமாக இருக்கிறதாம். பின்னல் போர்த்திக்கொள்ளப் பயன்படும், பூவேலை பார்க்கப் பயன்படும். பெண்ணின் வேலையும் பெண்ணைப்போலவே காட்சிப்பொருளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனிதரை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. அவர் கெட்டவர் என்று இப்சன் எங்கும் சொல்வதில்லை. அவர் எதைப் பார்க்க விரும்பவில்லை என்பதை மட்டும் காட்டிவிடுகிறார்.

எங்கள் நாடகத்துக்கும் ஒரு கிறிஸ்டீனா இருந்தார், ஒரு மாணவியின் தாய். தையல்கடைகளிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கிவந்து வீட்டில் வைத்து ஹெம்மிங்கும் ஹூக்கும் வைத்துக் கொடுக்கிறவர். எண்ணிக்கைக்குக் கூலி. தீபாவளி நெருக்கடியில் கடை வேலை முடிந்து இரவு பத்து மணிக்குமேல் எங்கள் துணிகளை எடுத்தார். கல்லூரி தந்த தொகையில் துணிக்கு இடமிருந்தது, தையல்கூலிக்கு இல்லை. பெண்கள் கல்லூரிதானே, பிள்ளைகளே தைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கலாம். ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் வாடகையோடு கூலியும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து நன்றி சொல்லப் போனபோது அந்த அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: "நன்றியெல்லாம் இருக்கட்டும் டீச்சர். கடையில என்ன கூலியோ அதையே குடுங்க, அது போதும்." மேடைத்திரைக்கு வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தோம். திரை இல்லாமலேயே நாடகம் நடந்தது. எங்கள் மேடையேற்றத்தின் ஆகச்சிறந்த விமர்சன வாக்கியமாக அவர் சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாருடைய மீனவப் பெண்?

ஹெல்மருக்குப் பிடித்த அந்த வேடம் நேப்பிள்ஸ் நகரத்து மீனவப் பெண் வேடம். இத்தாலியில் இருந்தபோது அவரே தைக்கக் கொடுத்து வாங்கித் தந்தது. அதை உடுத்திக்கொண்டு காப்ரி தீவில் கற்றுக்கொண்ட தரந்தெல்லா நடனத்தை நோரா ஆட வேண்டும். வடக்கு ஐரோப்பாவிலிருந்து இத்தாலிக்குப் போன ஓவியர்களும் பயணிகளும் அந்த மீனவப் பெண்ணைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒரு நினைவுப் பொருளாகவே ஆக்கியிருந்தார்கள். உழைக்கிற பெண்ணின் உடை, வசதியுள்ள வீட்டின் வேடிக்கையாகிறது.

நாங்கள் பெயர்களையும் கிறிஸ்துமஸையும் மாற்றவில்லை. நோரா என்ற பெயரும் டிசம்பர் மாதத்துப் புதுத்துணியும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் புதிதல்ல. உடையை மட்டும் இங்குள்ளதாக ஆக்கினோம். மீனவப் பெண் வேடம் என்றதும் மாணவிகளின் நினைவுக்கு வந்தது சினிமா. 'படகோட்டி' காலத்திலிருந்து, அதாவது 1964லிருந்து, தமிழ்த் திரை பார்த்துப் பழகிய முழங்காலுக்குமேல் ஏற்றிக்கட்டிய கண்டாங்கியும் பூவும். கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "மிஸ், எங்க அம்மா மீன் விக்கிறவங்கதான். அவங்க இப்படி உடுத்தி நான் பாத்ததே இல்ல. மேல ஒரு பழைய சட்டை போட்டிருப்பாங்க. வெயிலுக்கும் செதிலுக்கும் அதுதான் சரி."

அதன்பின் நடந்த விவாதம் அந்தப் பருவத்தின் நல்ல வகுப்புகளில் ஒன்று. உண்மையான மீனவப் பெண்ணின் உடையைக் கொடுப்பதா? கொடுத்தால் நோராவின் ஆட்டம் அந்த அம்மாவைக் கேலிசெய்வதாக ஆகாதா? கடைசியில் பொய்யான உடையையே வைப்பது, அதன் பொய் பளிச்சென்று தெரியும்படி வைப்பது என்று முடிவானது. சரிகைக் கரை, கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் மீன்வலை. பார்ப்பவருக்கு அது ஹெல்மரின் கற்பனை என்று தெரிய வேண்டும். கனமாகவும் இருக்க வேண்டும். ஆடும்போது மூச்சிரைக்க வேண்டும். நடித்த மாணவிக்குத் தோளில் அது அழுத்தியது. நடிப்புக்கு அது உதவியது என்று அவளே சொன்னாள்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குள் இழுத்துவரும்போது ஹெல்மர் அவள்மீது போர்த்தியிருக்கும் கறுப்புச் சால்வையை எடுத்துவிட்டு, பாருங்கள் என்று தோழியிடம் காட்டுகிறார். கைத்தட்டல் அடங்குமுன் அவளைக் கூட்டிவந்துவிட்டாராம், வெளியேறும் தருணம் மனதில் நிற்க வேண்டுமாம். மேடை நுணுக்கம் தெரிந்தவர்போல் பேசுகிறார். சற்று நேரத்தில் அவர் வீட்டிலிருந்தே அப்படி ஒரு வெளியேற்றம் நடக்கப்போகிறது. அதை இயக்கப்போவது அவர் இல்லை.

அவர் பேசுகிற நேரம்

கடிதம் வந்து, குட்டு உடைந்து, பிறகு ஆபத்து நீங்கியதும் ஹெல்மர் பெரிய மனதோடு மன்னிக்கிறார். நோரா வேடத்தைக் களைய உள்ளே போகிறாள். அவர் திறந்த கதவுக்கு வெளியே நடந்துகொண்டே நீளமாகப் பேசுகிறார். மனைவியை மன்னிப்பதில் ஓர் ஆணுக்கு எவ்வளவு நிறைவு என்பது பற்றி. உடைப்பட்டியலில் இந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான்: நோரா உடை மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரம். அவள் திரும்பி வரும்போது அன்றாட உடையில் இருக்கிறாள். நூற்றாண்டுக்குமேல் மேடைகளில் அந்த உரை ஒலிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு பெண் ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

அன்றாட உடை என்றால் எது என்பதில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. "வீட்டுல நோரா நைட்டிதான் போட்டிருப்பா மிஸ்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவள் சொன்னது சரி. தமிழ்நாட்டில் வீட்டிலிருக்கும் பெண்ணின் அன்றாட உடை அதுதான். நைட்டியோடு தெருவில் இறங்க வேண்டுமென்றால் மேலே ஒரு துண்டு போட வேண்டும். வீட்டு உடைக்கும் வெளி உடைக்கும் நடுவில் நம் பெண்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. பால் வாங்க இறங்கினாலும் துண்டைத் தேட வேண்டியிருக்கிறது. நாடகத்தின் தொடக்கத்தைத் திரும்பப் பார்த்தோம். நோரா முதன்முதலில் மேடைக்கு வருவதே வெளியிலிருந்துதான். பொட்டலங்களோடு உள்ளே வந்த அதே கைத்தறிப் புடவையில், ஒரு பையோடு வெளியே போகட்டும் என்று முடிவுசெய்தோம். கஞ்சி மட்டும் இறங்கிப்போயிருக்கும்.

முதல் ஒத்திகையில் மாற்றுவதற்கு ஐந்து நிமிடத்துக்குமேல் ஆனது. ஜாக்கெட்டையும் பாவாடையையும் வேடத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு, ஒருத்தி மடிப்பு எடுக்க, ஒருத்தி ஊக்கு குத்த, ஒருத்தி தலையைச் சரிசெய்ய, பாதியாகக் குறைந்தது. ஹெல்மராக நடித்த மாணவி பேச்சைக் கொஞ்சம் இழுத்தாள். ஒரு காலத்தில் நம் மேடைகளில் ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள். பெண்கள் கல்லூரிகளில் இன்று பெண்கள் ராஜபார்ட் போடுகிறார்கள். ஒரு பெண் ஆண்குரலில் மன்னித்துக்கொண்டிருக்க, திரைமறைவில் மூன்று பெண்கள் ஒரு பெண்ணை வெளியே போகத் தயார்செய்த காட்சியைப் பார்வையாளர்கள் பார்க்கவில்லை. இப்சனின் பிரதியில் நோரா தனியாக மாற்றிக்கொள்கிறாள். மேடையில் யாரும் தனியாக வெளியேற முடியாது.

ஆயாவின் புதுப்புடவை

இங்கே நான் நோராவையும் இப்சனையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நோரா போக முடிவதற்கு ஒரு காரணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆன்-மரீ இருக்கிறார். அந்த ஆன்-மரீ தன் சொந்தக் குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட்டு நோராவை வளர்க்க வந்தவர். அதைப் பற்றி நோரா ஒருமுறை கேட்கிறாள், பதிலும் கிடைக்கிறது, பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு தாய் பிள்ளையை விட்டுப் போகலாமா என்று நோராவின் விஷயத்தில் உலகம் இன்னும் வாதாடுகிறது. 1880இல் ஜெர்மனியில் ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை, நான் என் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று அந்த முடிவை நடிக்க மறுத்ததால், இப்சனே வேறொரு முடிவை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆன்-மரீ பிள்ளையை விட்டு வந்ததற்கு எந்த நாட்டிலும் யாரும் மாற்றுக் காட்சி கேட்கவில்லை. ஏழைப் பெண் பிள்ளையைப் பிரிவது பிழைப்பு என்று கடந்துபோகப்படுகிறது. வசதியான பெண் பிரிந்தால் அது தத்துவம்.

எங்கள் மேடையில் இதைச் சொல்ல உடைதான் கிடைத்தது. முதலில் ஆயாவுக்குப் பழைய, கிழிந்த புடவை என்று எழுதியிருந்தார்கள். ஏழை என்றால் கிழிசல் என்பது நம் மேடையின் சோம்பல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நோரா வேலைக்காரர்களுக்குத் துணி வாங்கிவந்திருக்கிறாள். ஆன்-மரீக்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறாள். ஆகவே மறுநாள் ஆயா புதுப்புடவையில் வந்தார். கடையில் மடித்த மடிப்புக்கோடு நெஞ்சிலும் இடுப்பிலும் அப்படியே தெரிந்தது. ஜாக்கெட் மட்டும் பழையது, நிறமும் சேரவில்லை. பண்டிகைக்குப் புடவை கொடுக்கிற வீட்டில் ஜாக்கெட் தைக்க யாரும் காசு கொடுப்பதில்லை. அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரித் துப்புரவுப் பணியாளர்கள் அந்த மடிப்பைப் பார்த்ததும் சிரித்தார்கள். முன்வரிசையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

போகும் முன் நோரா சொல்லும் ஒரு ஏற்பாட்டை விமர்சகர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள்களைக் கட்டியெடுக்க நாளை கிறிஸ்டீனா வருவாள் என்கிறாள். வீட்டு வேலைகள் எல்லாம் வேலைக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்றும் சொல்கிறாள். கதவு சாத்தியதும் நாடகம் முடிகிறது. மறுநாள் முடியவில்லை. எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்திகளோடு மூலையில் நிற்கிற மரத்தை யாராவது அப்புறப்படுத்த வேண்டும். கழற்றிப் போட்ட வேடத்தை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தைகள் எழுந்து கேட்கும் கேள்விக்கு ஆன்-மரீ ஏதாவது சொல்ல வேண்டும்.

நோராவின் வெளியேற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது தேவையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவை மட்டுமே பெண்ணியம் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், வெளியேறத் தெரிந்த ஒருத்தியை மட்டுமே நாம் பாராட்டக் கற்றுக்கொடுக்கிறோம். அவள் வெளியேற உடுத்திக்கொண்டதை யார் தைத்தார், யார் கஞ்சி போட்டார், என்ன கூலிக்கு என்ற கேள்விகளும் அதே பாடத்தில் இருக்கின்றன.

நிகழ்ச்சித் தாளில் ஒளி, ஒலி, மேடையமைப்பு மூன்றும் 'தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் பெயர்களோடு அச்சாகியிருந்தன. உடை 'உதவி' என்ற தலைப்பில், பெயர் இல்லாமல் இருந்தது. மாணவிகள் ஒரு துண்டுத்தாளில் ஏழு பெயர்களை அச்சடித்து ஒவ்வொரு தாளுக்குள்ளும் செருகினார்கள். ஹெம்மிங் செய்த அந்த அம்மாவின் பெயர் முதலில் இருந்தது. தலைப்பு: 'உடை வடிவமைப்பும் தையலும்'. நாடகம் பார்க்கப் போகும் தோழிகள் இனி அந்தப் பெயர்களைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். நாடகத்தைப் பற்றி எழுதும் மாணவிகள் உடைக்கு மூன்று சொற்களுக்குமேல் ஒதுக்குங்கள்.